பஸ் கண்ணாடிக்கு அந்தப்பக்கம்

(கோவையில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் காது கேளாத நண்பர்களே, வணக்கம்.

முதலில் ஒரு வேண்டுகோள். மேடைக்கு மட்டும் வெளிச்சம் வைத்து அரங்கை இருட்டாக்கிவிட்டார்கள். எல்லா விளக்குகளையும் போட்டுவிடுங்கள். நன்றி. இவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள வெளிச்சம் வேண்டும். எங்கள் வீட்டில் மின்வெட்டு வந்தால் அம்மாவும் அப்பாவும் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவார்கள். சண்டையாக இருந்தால், மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடருவார்கள்.

என் பெற்றோர் இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. எனக்குக் கேட்கும்.

அப்பா காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில் பிறந்தவர். வீட்டில் அவருக்குக் குறை வைக்கவில்லை. நோம்பிக்குப் புதுச்சட்டை உண்டு, வயிறாரச் சோறு உண்டு. ஊர் அவரை 'ஊமையன்' என்று கூப்பிட்டது. நல்லவேளை, அது அவருக்குக் கேட்கவில்லை. ஊரார் கொடுமைக்காரர்கள் அல்ல. 'சாப்பிட்டாயா', 'மாட்டைக் கட்டு', 'இங்கே வா' என்று கை காட்டுவார்கள். இருபது வயதுவரை மனிதர்கள் அவரிடம் பேசியது ஏறக்குறைய அவ்வளவுதான். அவருடைய அப்பத்தா இறந்தபோது, கிழவியை எங்கே தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று கேட்க அவரிடம் சைகை இல்லை. சொல்லவும் அந்த வீட்டில் யாரிடமும் இல்லை.

பிறகு திருப்பூருக்கு வந்தார். ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் போடும் வேலை. அங்கே காது கேளாதவர்கள் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். மிஷின் இரைச்சலில் மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, இவர்கள் மூவரும் ஹாலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நிம்மதியாகக் கதை பேசினார்கள். சில மாதங்களில் மொழி பிடிபட்டது. பிடிபட்டதும் அப்பா கேட்ட பெரிய கேள்வி, "செத்தவர்கள் எங்கே போகிறார்கள்?" நண்பர்கள் கடைசி பஸ் வரைக்கும் வாதாடினார்களாம். இன்றுவரை அந்த வாதம் முடியவில்லை.

நகரத்தை நாம் இரைச்சல் என்று திட்டுகிறோம். இவர்களுக்கு நகரம் என்றால் ஆள்கூட்டம். காது கேளாத குழந்தைகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றன. ஆகவே தாய்மொழி தாய்மடியில் கிடைப்பதில்லை. பள்ளி விடுதியில், வேலைத்தலத்தில், பஸ் நிலையத்தில் கிடைக்கிறது. ஊருக்கு ஒருவராக இருந்தால் மொழி எப்படி முளைக்கும்?

அந்த மொழியைத் தமிழின் கைவடிவம் என்று நினைக்காதீர்கள். இந்திய சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. கேள்விச்சொல் கடைசியில் வரும்: 'நீ போகிறாய் எங்கே'. ஆம், இல்லை என்று பதில் வரவேண்டிய கேள்விக்குப் புருவம் உயரும். முகமே இலக்கணம். நம்முடைய 'ங்க' அங்கே இல்லையே என்று ஒரு பெரியவர் என்னிடம் வருத்தப்பட்டார். என் அம்மா ஒரு மூத்தவரிடம் பேசும்போது தோளும் தலையும் எப்படித் தணிகின்றன என்று பார்த்தால் அந்த வருத்தம் தீர்ந்துவிடும். ஊருக்கு ஊர் சில சைகைகள் மாறினாலும் திருப்பூர்க்காரரும் டெல்லிக்காரரும் பேசிக்கொள்வார்கள். நாம் கேரள எல்லையில் வாளையாறு தாண்டினாலே தடுமாறுகிறோம்.

இந்த மொழியின் அகராதிப் பணிக்கு நம் பெரியநாயக்கன்பாளையத்துக்கும் பங்கு உண்டு. ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் 2001இல் பல மாநிலங்களிலிருந்து திரட்டிய சைகைகளை அகராதியாக வெளியிட்டது. டெல்லியில் இதற்கென மத்திய அரசின் ஆய்வு மையம் வந்தது 2015இல்தான். அதன் அகராதி 2021இல் பத்தாயிரம் சொற்களைத் தொட்டது. கோவைக்காரர்களுக்கே இது தெரியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

பெயர்களைப் பற்றி ஒன்று. ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் இருக்கும். அதை நண்பர்கள்தான் வைப்பார்கள். அப்பாவுக்குக் கன்னத்துக் குழி. எனக்கு மூக்கைத் துடைப்பது. ஐந்து வயதில் சளி பிடித்திருந்தபோது வைத்தார்கள். தலை நரைத்துவிட்டது, பெயர் மாறவில்லை.

அம்மாவின் பள்ளிக்கதை வேறு. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் ஆசிரியர்கள் கூடி, காது கேளாத பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சுதான் கற்பிக்க வேண்டும், சைகை கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அந்தத் தீர்மானத்தின் நிழல் ஏறக்குறைய நூறாண்டு கழித்து என் அம்மாவின் விரல்கள்மீதும் விழுந்தது: வகுப்பில் கையை அசைத்தால் அடி. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள் என்றார்கள். கண்ணாடி முன் நின்று 'பாடு' என்றும் 'மாடு' என்றும் ஓசையில்லாமல் சொல்லிப் பாருங்கள். ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா? 2010இல் வான்கூவரில் கூடிய மாநாடு அந்தத் தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவித்தது. அம்மாவிடம் சொன்னேன். "நூற்று முப்பது வருடமா?" என்று கேட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

எனக்கு ஒன்பது வயது. அம்மாவை ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், பெயர் வேண்டாம். மருத்துவர் என்னைப் பார்த்து, "கர்ப்பப்பையை எடுக்க வேண்டும், அம்மாவிடம் சொல்" என்றார். அந்த உறுப்பு எதுவென்றே எனக்குத் தெரியாது. வயிற்றைக் காட்டி, கத்தரிக்கோல் காட்டினேன். அம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். மருத்துவருக்குச் சம்மதம் கிடைத்துவிட்டது. அந்தத் தலையாட்டலுக்கு என்ன பொருள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்: பிள்ளை பயந்துவிடக் கூடாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல்தொடர்பில் சைகை மொழியையும் சேர்த்திருக்கிறது. டோக்கன் எண்ணை இன்னும் பல இடங்களில் வாயால்தான் கூப்பிடுகிறார்கள்.

இப்போது அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. கையில் வீடியோ அழைப்பு இருக்கிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காந்திபுரத்துக்குப் போகாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. டீக்கடையில் நல்ல விளக்கு எதுவோ அதன் கீழே நிற்பார்கள். யாருக்குப் பெண் பார்க்கிறார்கள், எந்தக் கம்பெனியில் போனஸ், யார் கடன் திருப்பவில்லை எல்லாம் அங்கே வரும். கிளம்புகிறேன் என்று சொல்லி ஒரு மணி நேரம் கழித்துத்தான் கிளம்புவார்கள். போன வாரம் நானும் கூட நின்றேன். திருப்பூர் பஸ் புறப்பட்டது. பக்கத்தில் வழியனுப்ப வந்த ஓர் அம்மாள் மூடிய ஜன்னலைத் தட்டி ஏதோ கத்தினார். உள்ளே இருந்த மகனுக்குக் கேட்கவில்லை. அப்பாவின் நண்பர் பின்சீட்டில் திரும்பி உட்கார்ந்து, கண்ணாடி வழியாகக் கடன்காரன் கதையின் மீதியைச் சொல்லிக்கொண்டே போனார். பஸ் சிக்னலில் திரும்பும்வரை அப்பா குறுக்குக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.