குவார்ட்டர்பேக்கின் கால்கள்

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். அவர் என்றதும் நம் கண் அவர் தோளுக்குத்தான் போகிறது. இன்று கொஞ்சம் கீழே, அவர் காலைப் பாருங்கள்.

வலக்கைக்காரர் என்றால், பந்து கைக்கு வந்ததும் வலது காலைப் பின்னால் வைத்து விலகுவார். ஐந்தாவது அடியில் வலது கால் அழுந்த ஊன்றும். உடனே பந்து கிளம்பியாக வேண்டும். பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர் 10, 12 கஜம் ஓடி ஓரக்கோட்டுப் பக்கம் திரும்பவும் அதே நேரம்தான் ஆகும். அவர் திரும்பட்டும், அப்புறம் எறியலாம் என்று காத்திருந்தால் காரியம் கெட்டது. ரிசீவரைக் காக்கும் எதிரணி கார்னர்பேக் குறுக்கே பாய்ந்து பந்தைப் பறித்தால் எதிரே வெற்று மைதானம்தான். மறுமுனை வரை ஓடிவிடுவார். கால் ஊன்றாமல் எறிந்தாலோ பந்து ரிசீவரின் தலைக்கு மேலே போகும். குறுகிய பாஸுக்கு, அதாவது எறிக்கு, 3 அடி எடுத்துவைத்தால் போதும்; நீண்டதற்கு 7 அடி எடுத்துவைக்க வேண்டும்.

முதல் ரிசீவர் அடைபட்டிருந்தால் பார்வை அடுத்தவருக்கு மாறும். அப்போது இடுப்பும் பாதமும் கூடவே திரும்ப வேண்டும். கண் மட்டும் திரும்பினால் எறிவது வெறுங்கை வலுவில்தான். பந்து ஆளுக்குப் பின்னால் விழும். பலர் சறுக்குவது இங்கேதான்.

தோளை மட்டும் அளந்தவர்கள் ஏமாந்தார்கள். அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி 2000-இல் 199ஆவது தேர்வு. பிறகு வென்றது 7 சூப்பர் பவுல், அதாவது 7 இறுதிப்போட்டி. இன்னொரு குவார்ட்டர்பேக் ஜோ மொன்டானா 1979-இல் 82ஆவது. கையில் வலு போதாது என்றார்கள். சான்ஃபிரான்சிஸ்கோ பயிற்சியாளர் பில் வால்ஷுக்கோ அவருடைய துள்ளும் கால்கள் பிடித்துப்போயின.

1989 ஜனவரி 22, மயாமியில் சூப்பர் பவுல். சின்சினாட்டி 16, சான்ஃபிரான்சிஸ்கோ 13. மீதம் 3 நிமிடம் 10 விநாடி; எதிரணியின் எல்லைக்கோட்டுக்குக் கடக்க வேண்டியது 92 கஜம். மொன்டானா சின்னச் சின்னப் பாஸாக எறிந்து அணியை நகர்த்துகிறார். நடுவில் மூச்சு வாங்கித் தலை சுற்றுகிறது. அந்த நிலையில் குறிபார்த்தால் பந்து பறிபோகும் என்று தெரிந்து, வேண்டுமென்றே பந்தை வெளியே வீசிவிடுகிறார். என்ன நிதானம்! அந்த 92 கஜப் பயணத்தில் எறிந்த 9 பாஸில் ரிசீவரைச் சேராதது அது ஒன்றுதான். அடுத்து அணியை 10 கஜம் பின்தள்ளும் அபராதம். அதையும் தாண்டி ரிசீவர் ஜெர்ரி ரைஸுக்கு எறிந்ததில் 27 கஜம்.

கடைசி எறி சக வீரர் ரோஜர் கிரெய்க்குக்கென்று திட்டமிட்டது. எதிரணித் தடுப்பாளர்கள் ரைஸ் பக்கம் இழுபடுகிறார்கள், கிரெய்க்குக்கு வழியில்லை. மொன்டானா பார்வையை மாற்றி எறிகிறார். 10 கஜம் தள்ளி, எல்லைக்கோட்டுக்கு அப்பால், ரிசீவர் ஜான் டெய்லரின் கையில் பந்து. வெற்றி சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு. அப்போது கடிகாரத்தில் மீதம் 34 விநாடி.