வீட்டுக்குள் ஃபைக்கஸ்: தொட்டி மாற்றும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டுக்குள் வைக்க ஒரு செடி கொடுங்கள் என்று நர்சரிக்கு வருகிறவர்களில் பலர் ஏதாவது ஒரு ஃபைக்கஸோடுதான் திரும்பிப் போகிறார்கள். சின்ன இலையும் தொங்கும் கிளையுமாக நிற்கும் பெஞ்சமினா, தடித்த பளபளப்பான இலையுள்ள ரப்பர் செடி, வயலின் வடிவில் பெரிய இலை விடும் லைராட்டா. எல்லாமே நம் ஆலுக்கும் அரசுக்கும் அத்திக்கும் சொந்தக்காரர்கள். மேகாலயாவில் காசி மக்கள் உயிருள்ள வேர்களைப் பின்னி ஓடைகளுக்குக் குறுக்கே பாலம் வளர்க்கிறார்களே, அது இந்த ரப்பர் செடியின் வேர்தான். அப்படிப்பட்ட வேரைத்தான் பத்து அங்குலத் தொட்டிக்குள் வைத்து டிவிக்குப் பக்கத்தில் நிறுத்துகிறோம். அதனால் இலையை விட்டுவிட்டு வேரைப் பற்றிப் பேசுவோம்.

தொட்டி மாற்றும் நேரம் வந்துவிட்டதை வேரே சொல்லும். அடி ஓட்டையில் வேர் எட்டிப் பார்க்கும். ஊற்றிய தண்ணீர் மண்ணில் இறங்காமல் ஓரமாக ஓடிக் கீழே வந்துவிடும். காலையில் ஊற்றியும் மாலைக்குள் செடி வாடும். இது எதுவும் இல்லையென்றால் அதைத் தொந்தரவு செய்யாதீர்கள். பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். வாங்கி வந்த அன்றே மாற்றுவதும் எனக்குப் பிடிக்காது. புது வெளிச்சம், புதுக் காற்று, புது மண் எல்லாம் ஒரே நாளில் வந்தால் பெஞ்சமினா பொலபொலவென்று இலையைக் கொட்டிவிடும். மூன்று, நான்கு வாரம் வீட்டுக்குப் பழகட்டும். நம் ஊர் வெயிலுக்குத் தை, மாசி நல்ல நேரம். தவறினால் கத்திரி முடிந்து ஜூன், ஜூலையில் செய்யலாம்.

முந்தின நாளே தண்ணீர் ஊற்றி வையுங்கள். மறுநாள் தொட்டியைச் சாய்த்து, பக்கங்களைத் தட்டி, அடித்தண்டைப் பிடித்து மெதுவாக உருவுங்கள். உருவியதும் அவசரப்படாமல் வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளிர் நிறமாகவோ பழுப்பாகவோ, அமுக்கினால் கெட்டியாக இருக்கும். அழுகிய வேர் கறுத்திருக்கும். விரலால் இழுத்தால் தோல் கழன்று கையோடு வந்துவிடும், உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். வாடையும் காட்டிக்கொடுத்துவிடும். அதைத் தயங்காமல் வெட்டி எறியுங்கள். தொட்டியின் வடிவத்திலேயே வளைய வளையமாகச் சுற்றிக் கிடக்கும் வேர்களை விரலால் பிரித்துவிடுங்கள். பிரியாவிட்டால் சுத்தமான கத்தியால் நாலு பக்கமும் மேலிருந்து கீழாக ஒவ்வொரு கீறல் போடலாம். வெட்டிய இடத்தில் பால் வடியும். சிலருக்கு அது தோலில் அரிக்கும், கண்ணில் படவே கூடாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நாய், பூனை இருக்கிற வீட்டில் இந்தச் செடி அவற்றின் வாய்க்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

ஆந்திராவில் கோதாவரிக் கரையில் கடியம் என்ற ஊர் இருக்கிறது. தென்னிந்திய நர்சரிகளுக்குச் செடிகள் லாரி லாரியாக அங்கிருந்து வருகின்றன. அப்படி வரும் செடிகள் சிலவற்றில் வேரைச் சுற்றிக் களிமண் கட்டி இறுகியிருக்கும். அதைத் தண்ணீரில் ஊறவைத்து, பாதிக் களியையாவது கரைத்துவிட்டு நடுங்கள்.

புதுத் தொட்டி பழையதைவிட இரண்டு அங்குலம் அகலமாக இருந்தால் போதும். ‘பெரிசா வச்சா சீக்கிரம் வளரும்’ என்று அண்டா அளவுத் தொட்டியைத் தூக்கி வருகிறார்கள். வேர் போய்ச் சேராத மண் குடிக்க ஆளில்லாமல் ஈரமாகவே கிடக்கும், அழுகல் அங்கேதான் ஆரம்பிக்கும். மண்ணுக்கு என் கணக்கு: செம்மண் இரண்டு பங்கு, கரடான மணல், மண்புழு உரம், கோகோபீட் என்கிற தென்னை நார்த் தூள் ஒவ்வொரு பங்கு. கோகோபீட்டில் உப்பு இருக்கும், ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிப் பிழியுங்கள். அடியில் கூழாங்கல் பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது பலரும் நம்பும் சங்கதி. உண்மையில் மேல் மண் முழுக்க ஊறி நிரம்பும் வரை தண்ணீர் கல்லுக்குள் இறங்காது. ஈரம் வேருக்கு இன்னும் பக்கத்தில்தான் நிற்கும். ஓட்டை மேல் ஒரு ஓட்டுச் சில்லு போதும்.

பழைய ஆழத்திலேயே நட்டு, அடியில் வழியும் வரை ஒருமுறை தண்ணீர் விட்டு, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். ஒன்றரை மாதம் உரம் வேண்டாம். முதல் இரண்டு வாரத்தில் சில இலைகள் மஞ்சளாகி உதிரும். இங்கேதான் பலரும் பதறிப்போய்த் தினமும் தண்ணீர் ஊற்ற ஆரம்பிக்கிறார்கள், செடியை ஹாலுக்கும் பால்கனிக்குமாக மாற்றி மாற்றி வைக்கிறார்கள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். அதில் உப்பு செறிந்திருக்கும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படியும், இலை நுனி கருகும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது, தாராளமாக ஊற்றலாம். ஆனால் ஏசியின் காற்று நேராகச் செடி மேல் அடிக்கக் கூடாது.

காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி இதை விற்கிறார்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டுகிற, 1989இல் நாசா நடத்திய சோதனை மூடிய சின்ன அறையில் நடந்தது. 2019இல் வந்த ஓர் ஆய்வின் கணக்குப்படி, ஜன்னல் வழியே வரும் சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடுகொடுக்க ஒரு சதுர மீட்டருக்குப் பத்துச் செடியாவது வேண்டும், ஆயிரம்கூட ஆகலாம். அழகுக்காக வாங்குங்கள்.

கடைசியாக, வீட்டில் இதற்கு மேல் இடமில்லை என்பவர்களுக்கு. தொட்டியைப் பெரிதாக்க வேண்டாம். செடியை உருவி, வெளிச்சுற்று வேரில் கால் பங்கை நறுக்கிவிட்டு, அதே தொட்டியில் புது மண் போட்டு நடுங்கள். மேலே கிளைகளையும் அதே அளவுக்குக் கவாத்து செய்துவிடுங்கள், குறைந்த வேருக்கு அத்தனை இலையைத் தாங்க முடியாது.

வணக்கம்.