உங்க கீசர் காயில் ஏன் அடிக்கடி போகுது? கரண்ட் பில் காரணம் இல்ல! | போர் தண்ணி விளக்கம்

(திரையில்: கீசர்ல இருந்து கழட்டின காயில், கிளோஸ்-அப்)

இந்தக் காயிலைப் பாருங்க. வெள்ளையா, சொரசொரன்னு, பவளப்பாறை மாதிரி. நகத்தால சுரண்டினா வராது. ஸ்க்ரூ டிரைவரால தட்டினா அப்பளம் மாதிரி உடைஞ்சு விழும். "உப்பு படிஞ்சிருக்கு சார், அதான் கரண்ட் பில் எகிறுது"ன்னு ஒரு வசனம் கேட்டிருப்பீங்க. அதுல ரெண்டு தப்பு. ஒண்ணு, இது நாம நினைக்கிற உப்பே இல்ல. ரெண்டு, பில்லுக்கும் இதுக்கும் பெரிசா சம்பந்தம் இல்ல. ஆனா காயிலைச் சாகடிக்கிறது இதுதான்.

பின்னணியை வேகமா முடிச்சிடலாம். மழைத்தண்ணி மண்ணுக்குள்ள இறங்கும்போது கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கிட்டு லேசா புளிப்பாகுது. அந்தப் புளிப்பு பாறையில இருக்கிற கால்சியம், மெக்னீசியத்தைக் கரைச்சு எடுத்துட்டு வருது. அதான் கடின நீர். ஐஎஸ் 10500-ங்கிற இந்தியக் குடிதண்ணி தர அளவுப்படி கடினத்தன்மை (கால்சியம் கார்பனேட் கணக்குல) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை சரி. வேற தண்ணியே கிடைக்கலன்னா 600 வரை. அவ்வளவுதான், பரீட்சைக்கு வராது.

(திரையில்: டிடிஎஸ் மீட்டர்)

இங்கதான் நம்ம பாஷையே நம்மள ஏமாத்துது. நாக்குல கரிக்கிற தண்ணியையும் உப்புத் தண்ணின்னுதான் சொல்றோம், பருப்பு வேகாத தண்ணியையும் உப்புத் தண்ணின்னுதான் சொல்றோம். ரெண்டும் வேற வேற நோய். முதல்ல சொன்னது சோடியம் குளோரைடு. ரெண்டாவது கால்சியம், அது பருப்புல இருக்கிற பெக்டினோட சேர்ந்து இறுகிடும். "உன் பருப்பு இங்க வேகாது"ன்னு முதல்ல சொன்னவர் போர் தண்ணியிலதான் சமைச்சிருக்கணும்!

டிடிஎஸ் மீட்டர், அதாவது தண்ணியில மொத்தம் எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு காட்டுற கருவி, அதுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஆர்ஓ தண்ணி ஒரு லிட்டர்ல ஒரு கிராம் சமையல் உப்பைக் கரைங்க. மீட்டர் கிட்டத்தட்ட 1000 காட்டும், கடினத்தன்மை கிட்டத்தட்ட பூஜ்யம்தான். அதனால மீட்டரை விடுங்க, சோப்பை எடுங்க. கவர்ல டிஎஃப்எம் (சோப்புல இருக்கிற கொழுப்புச் சத்தோட சதவீதம்) 76-க்கு மேல போட்ட சோப்பைச் சீவி வெந்நீர்ல கரைச்சுக்கோங்க. ரெண்டு பாட்டில்ல கால்வாசி தண்ணி: ஒண்ணுல ஆர்ஓ, ஒண்ணுல போர். ரெண்டுலயும் பத்துச் சொட்டு விட்டுக் குலுக்குங்க. ஆர்ஓ பாட்டில் நுரையால நிரம்பும். போர் பாட்டில்ல நுரை வராம, தயிர் திரிஞ்ச மாதிரி வெள்ளையா மிதந்தா, உங்க வீட்டுத் தண்ணி கடினம். ஷாம்பு வச்சுப் பார்க்காதீங்க, அது எதுலயும் நுரைக்கும். மிச்ச சோப்புக் கரைசலைத் தூக்கிப் போட்டுடாதீங்க, கடைசியில தேவைப்படும். உங்க ஏரியா போர்ல என்ன வந்ததுன்னு கமென்ட்ல போடுங்க.

(திரையில்: காயிலின் குறுக்கு வெட்டு)

இப்போ கீசர். சர்க்கரை வெந்நீர்ல சீக்கிரம் கரையும்ல? காயில்ல படியுற கால்சியம் கார்பனேட் அதுக்கு நேர் எதிர். சூடு ஏற ஏறக் கரையுறது குறையும். அதனால டேங்க்ல எது ரொம்பச் சூடோ, அங்கதான் போய் ஒட்டும். அதாவது காயில் மேல. முட்டை ஓடும் இதே சரக்குதான். ஆந்திராவுல அரக்கு பள்ளத்தாக்கு போற வழியில போரா குகையில விழுது விழுதாத் தொங்குதே, அதுவும் இதேதான். அங்க ஆயிரக்கணக்கான வருஷம் ஆச்சு, நம்ம பாத்ரூம்ல ரெண்டே வருஷம் போதும்.

கணக்குப் பார்ப்போம். 300 மில்லிகிராம் கடினத் தண்ணி, ஒரு நாளைக்கு 60 லிட்டர் வெந்நீர். தினம் 18 கிராம் உள்ள போகுது, வருஷத்துக்கு ஆறரை கிலோ. பத்துல ஒரு பங்கு தங்கினாலே 650 கிராம்.

அப்போ பில் ஏறாதா? காயில் தண்ணிக்குள்ள முழுகி இருக்கு. 2000 வாட் சூடு உள்ள வந்தா, படிவு இருந்தாலும் இல்லாட்டியும் அது தண்ணிக்குத்தான் போயாகணும், வேற வழியே கிடையாது. கேஸ் கீசர் கதை வேற, அதுல சூடு புகையோட வெளிய ஓடிடும்.

ஆனா காயிலோட நிலைமைய யோசிங்க. கம்பளியப் போத்திக்கிட்டு மே மாச வெயில்ல ஓடுற மாதிரி. காயிலோட மேற்பரப்பு 200 சதுர சென்டிமீட்டர்னு வச்சா, ஒரு மில்லிமீட்டர் படிவுக்கே காயில் 50-லேர்ந்து 100 டிகிரி வரைக்கும் கூடுதலாக் காயும். நடுவுல நிக்ரோம் கம்பி, அதைச் சுத்தி கரண்ட்டைத் தடுக்கிற மெக்னீசியம் ஆக்சைடு பவுடர், வெளிய செம்பு உறை. சூடு தாங்காம உறை விரிசல் விடும், தண்ணி பவுடருக்குள்ள போகும், கரண்ட் கசியும். கீசர் போட்டதும் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகுற ஸ்விட்ச்) ட்ரிப் ஆகுதா? பெரும்பாலும் இதுதான். அதை பைபாஸ் பண்ணிக் குளிக்கிற தைரியசாலிகளே, தயவுசெஞ்சு வேண்டாம். முன்கூட்டியே ஒரு அறிகுறியும் கிடைக்கும்: படிவுக்கு அடியில தண்ணி கொதிச்சு டப் டப்னு சத்தம் வரும்.

தெர்மோஸ்டாட்டை 55-லயே வைங்க. வருஷத்துக்கு ஒரு தடவை மெயின் ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணி, தண்ணிய வடிச்சு, காயிலைக் கழட்டி, ஒயர் மாட்டுற முனை நனையாம பக்கெட்ல தொங்க விடுங்க. 5 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு 300 கிராம் சிட்ரிக் ஆசிட், அதாவது எலுமிச்சை உப்பு. பொங்கும், அது கார்பன் டை ஆக்சைடு. நுரை நின்னும் படிவு மிச்சம் இருந்தா ஆசிட் தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம், புதுசாக் கலக்குங்க. சீக்கிரம் ஆகட்டும்னு கொதிக்க விடாதீங்க. கால்சியம் சிட்ரேட் சூட்டுல கரையாம, போன படிவு வேற ரூபத்துல திரும்பி வரும். டாய்லெட் கிளீனர் ஊத்தவே ஊத்தாதீங்க, உலோகத்தைத் தின்னும். எந்த ஆசிட்டையும் ப்ளீச்சோட சேர்த்தா குளோரின் வாயு கிளம்பும்.

திறந்தது திறந்தாச்சு, ஆனோடு ராடையும் பாருங்க. டேங்குக்குப் பதிலா தான் அரிச்சுப்போற மெக்னீசியம் தடி அது. உள்ள இருக்கிற கம்பி தெரிஞ்சா மாத்துங்க. கேஸ்கெட்டும் புதுசு போடுங்க, பழசு ஒழுகலாம்.

வாஷிங் மெஷின்ல ஹீட்டர் இருக்கிற ஃபிரன்ட் லோடுக்கு இதே கதைதான். காலி டிரம்ல 100 கிராம் சிட்ரிக் ஆசிட் போட்டு 60 டிகிரியில ஓட்டுங்க. டாப் லோடுல முதல்ல அடைக்கிறது தண்ணி உள்ள வர்ற இடத்துல இருக்கிற இன்லெட் வலை. ஷவருக்கு ஒரு பாலித்தீன் பையில வினிகர் ஊத்திக் கட்டிவிட்டா போதும்.

(திரையில்: சாஃப்ட்னர் டேங்க்)

பைப்புல காந்தம் மாட்டலாமான்னு கேப்பீங்க. காந்தத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் தண்ணிய டெஸ்ட் பண்ணுங்க, கடினத்தன்மை ஒரே நம்பர்தான் வரும். என் காசுன்னா நான் போட மாட்டேன். கடினத்தன்மையை எடுக்கிற சாஃப்ட்னர் நிஜமாவே வேலை செய்யும்: அதுக்குள்ள இருக்கிற ரெசின்ங்கிற பிளாஸ்டிக் மணிகள் கால்சியத்தைப் பிடிச்சுக்கிட்டு சோடியத்தை விடுது. 25 லிட்டர் ரெசின், 300 கடினத்துக்கு சுமார் 4000 லிட்டர் தாங்கும். அப்புறம் 4 கிலோ உப்பைக் கரைச்சு அலசணும். தண்ணியில இரும்பு இருந்தா ரெசின் பழுப்பாகி வீணாப்போகும், முன்னாடி இரும்பு ஃபில்டர் வேணும். சமையலறைக் குழாயையும் செடிக்குப் போற குழாயையும் இதுல சேர்க்காதீங்க, சோடியம் கூடும்.

எப்போ அலசணும்னு டிடிஎஸ் மீட்டர் சொல்லாது, அது ரெசினைத் தாண்டியும் பழைய நம்பரையேதான் காட்டும். அந்த சோப்புக் கரைசலை எடுங்க, பாட்டில்ல சாஃப்ட்னர் தண்ணிய ஊத்தி, பத்துச் சொட்டு விட்டுக் குலுக்குங்க. திரிஞ்சா அன்னிக்கே உப்பைப் போட்டுடுங்க.