நேராகக் கேட்போம்: ஆட்டிசமும் தற்கொலை அபாயமும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஆட்டிசம் என்றாலே குழந்தைகளைப் பற்றிப் பேசித்தான் நமக்குப் பழக்கம். பேச்சு எப்போது வரும், பள்ளியில் சேர்த்துக்கொள்வார்களா என்ற கவலைகள் நியாயமானவையே. ஆனால் அந்தக் குழந்தைகளுக்கும் இருபது வயதாகிறது, ஐம்பது வயதாகிறது. பலருக்குத் தமக்கு ஆட்டிசம் உண்டு என்பதே நடுவயதில்தான் தெரிய வருகிறது. அவர்களுடைய மனநலத்தைப் பற்றியும், அவர்களில் பலரைத் தற்கொலை எண்ணம்வரை தள்ளிவிடுகிற துயரத்தைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறேன்.

சுவீடனில் ஆட்டிசம் உள்ள 27,000-க்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2016-இல் வெளியான ஆய்வு, அவர்கள் தற்கொலையால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஏழரை மடங்கு என்று கண்டது. 2021-இல் வெளியான டென்மார்க் ஆய்வில் அது மூன்றரை மடங்குக்குச் சற்று மேல். எண்கள் வேறுபட்டாலும் இரண்டும் காட்டும் திசை ஒன்றே. தற்கொலைக்கு முயன்ற அல்லது அதனால் இறந்த ஆட்டிசம் உள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு வேறொரு மனநலச் சிக்கலும் இருந்தது என்கிறது டென்மார்க் ஆய்வு. மனச்சோர்வு, பதற்றக் கோளாறு, தூக்கமின்மை ஆகியவை ஆட்டிசம் உள்ளவர்களிடம் மிகுதியாகக் காணப்படுகின்றன. இவை ஆட்டிசத்தின் பகுதிகள் அல்ல. தனியே கண்டறிந்து சிகிச்சை அளிக்க வேண்டியவை. 'ஆட்டிசம் இருந்தால் அப்படித்தான் இருப்பார்கள்' என்று சொல்லி ஒருவரின் மனச்சோர்வைக் கவனியாமல் விடுவதைப் போன்ற அநீதி வேறில்லை என்பேன்.

சுவீடன் ஆய்வில் என்னை மிகவும் கலங்கவைத்த செய்தி வேறு. அறிவுத்திறன் குறைபாடு இல்லாதவர்களிடம்தான், அதாவது படித்து, வேலை பார்த்து, 'இவருக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறார்' என்று நாம் கருதுகிறவர்களிடம்தான், தற்கொலை அபாயம் மிகுதியாக இருந்தது. அப்படி ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். அலுவலகக் கூட்டத்தில் பேச வேண்டிய வாக்கியங்களை முந்தைய இரவே ஒத்திகை பார்க்கிறார். எதிரே இருப்பவரின் கண்களை எத்தனை நொடி பார்ப்பது, எப்போது சிரிப்பது என்று மனத்துக்குள் கணக்கிடுகிறார். தாமாக அசையத் துடிக்கும் விரல்களை மேசைக்கு அடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். மாலையில் வீடு திரும்பியதும் விளக்கைக்கூடப் போடாமல், ஒரு சொல்லும் பேச இயலாமல் படுத்துவிடுகிறார். தம்மை இப்படி மறைத்துக்கொண்டு வாழ்வது தற்கொலை எண்ணத்தோடு தொடர்புடையது என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. தேவையான உதவி கிடைக்காமற்போவதும் அவ்வாறே. பள்ளிக் காலத்துக் கேலியும் கொடுமையும், தனிமையும், வேலையின்மையும் சேரும்போது சுமை இன்னும் கூடுகிறது.

இத்தனைக்கும் பிறகு அவர் உதவி தேடிப் போனாலும் அங்கே அவரைப் புரிந்துகொள்கிறார்களா? ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தம் உணர்ச்சி இன்னதென்று இனங்கண்டு சொல்வது கடினம். வேதனையில் இருப்பவர் அழுவார், குரல் தழுதழுக்கும் என்று மருத்துவர் எதிர்பார்க்கிறார். இவரோ 'சாக வேண்டும் போலிருக்கிறது' என்பதைக் கூடச் சலனமற்ற முகத்தோடு சொல்லக்கூடும். 'எப்படி இருக்கிறீர்கள்?' என்றால், அதற்கு வழக்கமாகச் சொல்ல வேண்டிய விடை என்று கற்றுக்கொண்டபடி 'நன்றாக இருக்கிறேன்' என்பார். 'உங்களைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் உண்டா?' என்றால், இறப்பைத் துன்பம் நீங்கும் வழியாகவே எண்ணிக்கொண்டிருப்பவர் 'இல்லை' என்று உண்மையாகவே பதில் சொல்லலாம். சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்பவரிடம் சுற்றி வளைத்துக் கேட்டது நம் பிழையே. தற்கொலை எண்ணத்தை அறியப் பொதுமக்களுக்காக உருவாக்கிய வினாப்பட்டியல்கள் இவர்களிடம் தவறான விடையைத் தரக்கூடும் என்பதால்தான், ஆட்டிசம் உள்ளவர்களையே உடன் அமர்த்திக்கொண்டு அவற்றைத் திருத்தி எழுதும் பணி பிரிட்டனில் நடந்திருக்கிறது.

ஆகவே நேராகக் கேளுங்கள். 'தற்கொலை செய்துகொள்ளலாம் என்று நினைக்கிறீர்களா?' என்று தெளிவான சொற்களில் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்டபின் காத்திருங்கள், விடை வரச் சில நிமிடங்கள் ஆகலாம், எழுதித் தர விரும்பினால் தாளைக் கொடுங்கள். கூசும் விளக்கையும் இரைச்சலையும் குறையுங்கள். வழக்கத்துக்கு மாறாகப் பேச்சு குறைந்தாலும், மிகவும் விரும்பிய ஒன்றை அவர் திடீரெனக் கைவிட்டாலும், உறக்கமும் உணவும் குலைந்தாலும் அவற்றை எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள்; உடனே உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் அவரைத் தனியே விடாமல் அவசர உதவியை அழையுங்கள்.

இங்கே மனநலத் துறையினர் பலர் இருக்கிறீர்கள். நெருக்கடி நேரத்துக்கான பாதுகாப்புத் திட்டத்தை ஒருவருடன் சேர்ந்து எழுதும்போது, 'நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் அழையுங்கள்' என்ற வழக்கமான வரியை அப்படியே எழுதிவிடாதீர்கள். தொலைபேசியில் பேசுவதே அவருக்குப் பெரும் பதற்றமாக இருக்கலாம். குறுஞ்செய்தி அனுப்பலாமா, யாருக்கு, என்ன வாசகம் என்பதை அமைதியாக இருக்கும் நாளிலேயே அவருடன் பேசி முடிவுசெய்து, அந்த வாசகத்தை அவருடைய கைபேசியில் முன்கூட்டியே பதிந்து கொடுங்கள்.