படம் பார்க்க எம்.ஏ.வா? சித்தப்பாவுக்கு ஒரு பதில்

வணக்கம். மொட்டை மாடியில் நின்று பேசுகிறேன், காற்று இரைச்சல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கீழே சித்தப்பா வந்திருக்கிறார். வந்ததும் வராததுமாக, "எம்.ஏ. இங்கிலீஷ்ல படம் போட்டுக் காட்டறாங்களாமே, அதுக்கு ஃபீஸ் வேறயா?" என்று கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டு மேலே ஏறி வந்துவிட்டேன். அவருக்குச் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

எங்களுக்கு இந்த செமஸ்டரில் இலக்கியமும் சினிமாவும் என்று ஓர் எலெக்டிவ், அதாவது விருப்பப் பாடம். முதலில் எடுத்தது பூமணியின் 'வெக்கை' நாவலும் அதிலிருந்து வெற்றிமாறன் எடுத்த 'அசுரன்' படமும். நாவல் வந்தது 1982, படம் 2019. படம் 141 நிமிடம், எங்கள் பீரியட் 50 நிமிடம். மூன்று நாளாகத் துண்டு போட்டுப் பார்த்தோம். இரண்டாம் நாள் புரொஜெக்டர் வேறு படுத்துவிட்டது.

முதல் அசைன்மென்டில் நாவலுக்கும் படத்துக்கும் 23 வித்தியாசங்கள் கண்டுபிடித்து எழுதினேன். எனக்கே பெருமை. மேடம் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே சொல் எழுதியிருந்தார்: "அதனால்?" பத்துக்கு நாலு மார்க்.

சரி என்று நாவலின் தொடக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிதம்பரத்துக்குப் பதினைந்து வயது. அண்ணனைக் கொன்ற வடக்கூரானின் கையை மட்டும் வெட்டத்தான் போகிறான், ஆள் செத்துவிடுகிறான். கையை வெட்டத்தான் நினைத்தான் என்பதைப் பூமணி எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறார். 'நினைத்திருந்தான்' மாதிரி ஒரு வினைச்சொல் இருந்தால் எழுத்துக்குப் போதும், நடந்ததும் நடக்காமல் போனதும் ஒரே வரியில் வந்து நின்றுவிடும். இதைக் கேமராவில் எப்படி எடுப்பீர்கள்? ஆயுதம் இறங்குவதைக் காட்டலாம். அது எங்கே இறங்கியிருக்க வேண்டும் என்பதை எந்த ஷாட்டில் காட்டுவது? யாராவது வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

வெற்றிமாறன் அந்த இடத்தில் தொடங்கவே இல்லை. அப்பாவும் மகனும் இருட்டில் தண்ணீருக்குள் இறங்கி நடக்கிறார்கள். ஏன் ஓடுகிறார்கள் என்பது பிறகுதான். நாவலில் நாம் கொலையைத் தெரிந்துகொண்டு அவர்களோடு ஓடுகிறோம், படத்தில் ஓடிக்கொண்டே தெரிந்துகொள்கிறோம். இதை எழுதியிருந்தால் அந்த 23-க்கு இந்த ஒன்று போதுமாக இருந்திருக்கும்.

இன்னொன்று. நாவல் பையனோடு ஒட்டிக்கொண்டு நடக்கிறது. படத்தில் அப்பா தனுஷ். அப்புறம் கதை அப்பா பக்கம் சாயாமல் என்ன செய்யும்? அவருடைய இளமைக்கு நீளமாக ஒரு ஃபிளாஷ்பேக் வந்தே தீரும். அதைக் குறை என்று சொல்ல மாட்டேன். ஆனால் காட்டில் அவர்கள் என்ன தின்றார்கள், எங்கே படுத்தார்கள் என்று பூமணி நிதானமாகச் சொல்லிக்கொண்டு போவதுதான் எனக்கு 'வெக்கை'. படத்துக்கு அந்தப் பொறுமை இல்லை. மேடம் இதை ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு கதை.

இப்போது நான் நோட்டுப் பக்கத்தின் நடுவே ஒரு கோடு போட்டுக்கொள்கிறேன். இடப்பக்கம் நாவலின் வாக்கியம், வலப்பக்கம் ஷாட்டும் அது ஓடும் நேரமும். எந்த வாக்கியத்துக்கு எதிரே வலப்பக்கம் காலியாக நிற்கிறதோ அங்கேதான் கட்டுரை கிடைக்கிறது. ஒரு காட்சிக்கு மூன்று மணி நேரம் ஆகும். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தே பட்டன் தேய்ந்துவிடும்.

சித்தப்பாவுக்கு ஒரு தகவல்: வெற்றிமாறனே சென்னை லயோலாவில் ஆங்கில இலக்கியம் படித்தவர்தான்.

அடுத்தது புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை', அதிலிருந்து மகேந்திரன் 1979-ல் எடுத்த 'உதிரிப்பூக்கள்'. கதையில் சென்னைப் பேராசிரியராக இருக்கிற சுந்தரவடிவேலு, படத்தில் அதே பெயரோடு ஒரு கிராமத்துக்குப் போய்விடுகிறார். இரண்டு பிள்ளைகளும் கூடவே வருகிறார்கள். மற்றதெல்லாம் ஏறக்குறைய மகேந்திரன் கட்டியது. இதைத் தழுவல் என்பதா, தூண்டுதல் என்பதா என்று வகுப்பில் இப்போதே சண்டை. கதையை ஒரே மூச்சில் முடித்துவிடலாம், படித்துவிட்டு வாருங்கள். கடைசி ஆற்றங்கரைக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம். கீழே கூப்பிடுகிறார்கள், காபி ஆறுகிறதாம்.