தேர் ஓடாத ஆண்டு

(லண்டனில் தமிழ்ச் சங்கமொன்றின் ஆண்டு விழாவில் 2025-இல் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இவ்விழாவுக்குத் தலைமை தாங்கும் சங்கத் தலைவர் அவர்களே, பல பணிகளுக்கிடையிலும் பிரதம விருந்தினராக வருகை தந்து, முன்வரிசையின் கடைசி நாற்காலியைத் தாமாகவே தேர்ந்தெடுத்து அமர்ந்திருக்கும் எங்கள் பகுதிச் சபை உறுப்பினர் அவர்களே, ஆலய அறங்காவலர் சபைப் பெரியோர்களே, தமிழ்ப் பாடசாலை அதிபர் அவர்களே, ஒலிவாங்கியைச் சரிசெய்து தந்துவிட்டு இன்னும் அதை நம்பாமல் பக்கத்திலேயே நிற்கும் தம்பி அவர்களே, தாய்மாரே, நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். தலைவர் என்னை 'சைக்கிள் மாஸ்டர்' என்று அறிமுகப்படுத்தினார். நான் வாழ்நாள் முழுவதும் படிப்பித்தது கணக்கு. ஆனாலும் அந்தப் பட்டத்தை மறுக்கப்போவதில்லை. சபை உறுப்பினர் அவர்கள் சென்ற முறை நம் மண்டபத்துக்கு வந்தபோது வாகனத் தரிப்பிடம் பற்றி நாம் கொடுத்த மனுவைப் பொறுமையோடு வாங்கிச் சென்றார். அதற்கு நன்றி சொல்வது என் கடமை. இன்னொரு மனு காத்திருக்கிறது என்பதை இப்போதே தெரிவித்துவிடுவதும் மரியாதை.

நான் பேச வந்தது ரைட்லண்டன் என்ற சைக்கிள் ஓட்டம் பற்றி. மூன்று விடயங்களைச் சொல்ல நினைத்திருக்கிறேன்: அது ஏன் நின்றது, அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது, அடைக்கப்பட்ட வீதி யாருக்குச் சொந்தம். இம்மூன்றுக்கும் முன்னால் நிற்பது என் தகப்பனார் எதற்கெடுத்தாலும் சொல்லும் ஒரு பழமொழி: ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்.

2012-இல் இந்நகரில் ஒலிம்பிக் நடந்தது. அதன் நினைவு ஒரு விளையாட்டரங்கோடு முடிந்துவிடக்கூடாது என்று 2013-இல் தொடங்கப்பட்டதுதான் ரைட்லண்டன். பொதுமக்கள், கார் ஒன்றுகூட வராத வீதியில், சைக்கிளில் கிழக்கு லண்டன் ஒலிம்பிக் பூங்காவிலிருந்து புறப்பட்டு, சரே மாவட்டத்தின் லீத் மலையும் பொக்ஸ் மலையும் ஏறி இறங்கி, 100 மைல் ஓடி, அரண்மனைக்கு முன்னாலுள்ள மால் வீதியில் வந்து முடிப்பார்கள். 2014-இல் புயலின் எச்சம் வந்து கொட்டியதில் அந்த இரண்டு மலைகளையும் வெட்டிவிட்டு 86 மைலோடு முடித்தார்கள். அந்த ஆண்டு நனைந்தவர்கள் இன்றைக்கும் அதைப் பதக்கம் போலச் சொல்லித் திரிகிறார்கள், நானும் ஒருவன். இத்தனை ஆண்டுகளில் தொண்டு நிறுவனங்களுக்கு இதன்மூலம் திரண்ட பணம் 8 கோடி பவுண்டுக்கும் அதிகம்.

இந்த இடத்தில் என் மாமியாரைப் பற்றிச் சொல்லாமல் போனால் வீட்டில் கேள்வி வரும். 2015-இல், ஓகஸ்ட் மாத ஞாயிற்றுக்கிழமை, அவர் விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் புறப்பட்டிருக்கிறார். அன்று நான் சைக்கிளில் எங்கோ சரேயில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். மருமகன் ஓடும் அதே ஓட்டந்தான் தம் பேருந்தை மறித்து வைத்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. பேருந்து பாதி வழியில் நின்றுவிட்டது. அர்ச்சனைச் சாமான் பையோடு, என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, விம்பிள்டன் மேட்டடிக்கு நடந்து வந்தால் வீதியின் இரு கரையிலும் தடுப்பு வேலி. வேலியருகே மஞ்சள் சட்டை போட்ட ஓர் இளைஞர். அவர் நல்ல பண்போடு, "கொஞ்சம் பொறுங்கள் அம்மா, இடைவெளி கிடைத்ததும் கடத்திவிடுகிறேன்" என்கிறார். மாமியார் வீதியைப் பார்க்கிறார்: வாகனம் இல்லை, இரு புறமும் சனம், கைதட்டல், எங்கோ மேளம்கூட அடிக்கிறார்கள். நல்லூரில் பிறந்து வளர்ந்தவருக்கு இதற்கு ஒரே பொருள்தான் உண்டு. பையை நிலத்தில் வைத்துவிட்டு, இரு கைகளையும் கூப்பி ஆயத்தமாக நின்றுகொண்டு, அந்த இளைஞரிடம் தமிழிலேயே கேட்டாராம்: "தம்பி, எந்தச் சாமி வருகுது?"

என் மனைவி மொழிபெயர்த்திருக்கிறாள். இளைஞர் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இருபதாயிரம் பேருக்கு மேல், அம்மா, பின்னேரம் வரையும் வந்துகொண்டேதான் இருப்பார்கள்" என்று சொல்லியிருக்கிறார். முப்பத்து முக்கோடியில் அது ஒரு பகுதிதானே என்று மாமியார் சமாதானமானார். ஆனால் அரை மணித்தியாலம் கழித்து, பூசை தவறிப்போன கோபம் வந்தபோது, அவர் கேட்ட இரண்டாவது கேள்விக்கு என்னிடம் இன்றுவரை விடையில்லை: "எங்கள் வீதியால் போகிறார்கள், சரி. எங்களை யார் கூப்பிட்டது?"

சபையோரே, ரைட்லண்டன் ஏன் நின்றது என்பதற்கு அமைப்பாளர்கள் தரும் விளக்கத்தைவிட இந்தக் கேள்வி ஆழமானது. தேர்த் திருவிழாவிலும் வீதி அடைபடுகிறது. ஆனால் யாருடைய வாசல் அடைபடுகிறதோ அவருடைய வாசலில் தேர் நிற்கும். நிறைகுடம் வைத்து அவர் அர்ச்சனை கொடுப்பார். வடத்தில் அவர் கையும் இருக்கும். சரேயில் குடியிருந்தவர்களுக்கு வடம் கொடுக்கப்படவில்லை. ஓடுகிறவர்கள் குலுக்கலில் இடம் பிடித்து எங்கிருந்தோ வந்தார்கள். ஊரவர்களுக்குக் கிடைத்தது, காரை எத்தனை மணிக்குள் வெளியே எடுக்க வேண்டும் என்ற துண்டுப்பிரசுரம். ஆலயத்துக்குப் போக முடியாதவர்கள், பராமரிப்பாளர் வந்து சேராத முதியவர்கள், ஞாயிறு வியாபாரத்தை இழந்த கடைக்காரர்கள் எல்லோரும் முறையிட்டார்கள். மக்கள் கருத்தைக் கேட்ட சரே மாவட்ட சபை, 2020-க்குப் பின் ஆதரவில்லை என்று முடிவெடுத்தது. கொரோனா வந்து அந்த 2020-ஐயும் 2021-ஐயும் சேர்த்து விழுங்கியது. 2022-இல் ஓட்டம் எசெக்ஸ் பக்கம் திரும்பியது. தேம்ஸ் கரையில் புறப்பட்டு, டவர் பாலத்தில் முடிந்தது. 60 மைல், 30 மைல் என்று குறுகிய தூரங்களும் இருந்தன. ஊர் கூடாவிட்டால் தேரை அடுத்த ஊருக்கு இழுத்துப் போகலாம் என்பதுதான் அன்றைய உத்தி. அதுவும் மூன்றே ஆண்டுகள். 2024 மே 26-ஆம் தேதியோடு எசெக்ஸ் உடன்பாடும் முடிந்தது. 2025-இல் ஓட்டம் இல்லை, இது இடைவேளை, புதிய வடிவம் பற்றி யோசிக்கிறோம் என்று லண்டன் மரதன் நிறுவனமும் நகரப் போக்குவரத்து அமைப்பும் அறிவித்தன.

அறிவிப்பில் சொன்ன உடனடிக் காரணம், நிகழ்வோடு சேர்த்து நடத்தப்பட்ட பெண்களுக்கான மூன்று நாள் உலகத் தரப் போட்டி. அதன் தேதியை மாற்றும்படி சுவிற்சர்லாந்திலுள்ள சர்வதேசச் சைக்கிள் சம்மேளனம் கேட்டது. மாற்றுத் தேதி அமைப்பாளர்களுக்கு ஒத்துவரவில்லை. உலகப் போட்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; அந்த வீராங்கனைகள் பாலத்தைக் கடந்த வேகத்தைக் கண்டவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஆனால் கலசத்துக்கு நாள் பொருந்தவில்லை என்பதற்காகத் தேரையே கொட்டகைக்குள் தள்ளிப் பூட்டுவது எந்த ஊர் வழக்கம்?

ஒரு விடயத்தை நாம் மறந்துவிடுகிறோம். 100 மைல் ஓட்டத்தோடு இன்னொன்றும் நடந்தது: நகர மையத்தில் வீதிகளை அடைத்து, நேரக் கணக்கு இல்லாமல், கட்டணம் இல்லாமல், குழந்தையோடும் கிழவரோடும் ஓடலாம் என்று விட்டார்கள். ஃப்ரீசைக்கிள் என்று பெயர். யாழ்ப்பாணத்தில் எரிபொருள் தடைக் காலத்தில் எல்லோரும் துவிச்சக்கர வண்டியில்தான் போனோம். டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டோம். அப்படி வளர்ந்த நம் பெண்கள் இந்த நகருக்கு வந்தபின் சைக்கிளைத் தொடவில்லை, லொறிக்குப் பயம். என் மனைவி இருபது ஆண்டுகளுக்குப் பிறகு சைக்கிள் ஏறியது அந்த ஃப்ரீசைக்கிளில்தான். 100 மைல் திரும்பி வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டால் நான் அழப்போவதில்லை. அந்த இலவச ஞாயிறு வராவிட்டால்தான் நட்டம்.

தென்னாபிரிக்காவின் கேப் டவுணில் ஆண்டுதோறும் தீபகற்பத்தைச் சுற்றி 109 கிலோமீற்றர் சைக்கிள் ஓடுகிறார்களே, அது விளையாட்டுக்காகத் தொடங்கியதன்று. சைக்கிளுக்குத் தனிப் பாதை கேட்டு 1977-இல் மக்கள் ஓட்டிய ஊர்வலத்திலிருந்து பிறந்து, 1978-இல் பந்தயமானது. 2017-இல் காற்று சைக்கிளையும் ஆளையும் சேர்த்துத் தூக்கியதால் ஓட்டத்தை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு மறுபடி ஓடினார்கள். கொலம்பியாவின் பொகோட்டாவில் 1974-இல் தொடங்கிய வழக்கப்படி, ஞாயிறும் விடுமுறை நாளும் காலை 7 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை 120 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வீதிகளை மோட்டார் வாகனங்களுக்கு மூடுகிறார்கள். அங்கே அடைபடும் வீதியிலேயே அந்த வீதிக்காரர் இறங்கி நடக்கிறார், ஓடுகிறார். ஊர் கூடித் தேர் இழுப்பது என்று என் தகப்பனார் சொன்னதை ஸ்பானிய மொழியில் செய்து காட்டுகிறார்கள்.

பணத்தைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன். தலைவர் இரண்டாவது முறையும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். நடன ஆசிரியையின் மாணவிகள் சலங்கையோடு காத்திருக்கிறார்கள். அதை இன்னொரு கூட்டத்தில் பார்த்துக்கொள்வோம்.

சபை உறுப்பினர் அவர்களே, நாங்கள் கேட்பது 100 மைல் அன்று, அரை மைல். நம் கடைத்தெருவை மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை 10 மணி முதல் 2 மணி வரை, வாகனங்களுக்கு அடைத்துத் தாருங்கள். முடியாது என்று அதிகாரிகள் சொன்னால், ஈலிங்கில் ஒவ்வோர் ஓகஸ்டும் அம்மன் தேருக்கு வீதி அடைபடுவதைச் சொல்லுங்கள். பேருந்தை எங்கே திருப்புவது, அம்புலன்ஸுக்கு எந்தச் சந்தியைத் திறந்து வைப்பது, எந்த முதியவருக்கு எத்தனை மணிக்குப் பராமரிப்பாளர் வருகிறார் என்பதையெல்லாம் கடைக்காரர்களோடும் வீட்டுக்காரர்களோடும் முதலில் உட்கார்ந்து பேசி, அதன்பின் நாளைக் குறிப்போம். முதல் கூட்டத்துக்கு என் மாமியாரை அழைத்து வருகிறேன். இந்த முறை அவரைக் கூப்பிட்டுவிட்டேன்.

விண்ணப்பத் தாள் வாசலில், தேநீர் மேசையின் இடப்பக்கத்தில் இருக்கிறது. இங்கே வாக்குரிமை உள்ளவர்கள் முகவரியோடு கையெழுத்திடுங்கள். பேனா அதிபர் அவர்களுடையது. அங்கேயே வைத்துவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.