வூடாங் உச்சியில் இரண்டு வெண்கலக் கோயில்கள்

அவையோருக்கு வணக்கம்.

தாவோ சமயத்து மலைக்கோயில் என்றதும் உலகைத் துறந்த முனிவரும் மூங்கில் காடும்தான் கண்முன் வரும். சீனாவின் ஹூபெய் மாகாணத்து வூடாங் மலையைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான். அங்கே துறவிகளும் போனார்கள், அரசியலும் ஏறிப்போனது.

வூடாங்கின் உச்சியான 1,612 மீட்டர் உயரமுள்ள தியான்ஜூ சிகரத்தில் முன்பு இருந்தது 1307இல் யுவான் வம்சத்து ஆட்சியில் செய்த சிறிய வெண்கலக் கோயில். வூசாங் நகரில் வார்த்து மேலே ஏற்றினார்கள். அதன் பாகங்களில் பொறித்த பெயர்களை இன்றும் பார்க்கலாம். அரசர் பெயர்கள் அல்ல, காசு கொடுத்த உபயதாரர்களின் பெயர்கள்.

1402இல் மிங் வம்சத்துப் பேரரசர் யோங்லே, அண்ணன் மகனைக் கவிழ்த்து அரியணை ஏறினார். பறித்த ஆட்சிக்குத் தெய்வ சம்மதம் வேண்டுமே! வூடாங்கின் தெய்வம் ஜென்வூ: விரிந்த தலைமுடி, வெறுங்கால், அருகில் ஆமையும் பாம்பும். வடதிசைக் காவலர். யோங்லேயும் வடக்கே பெய்ஜிங்கில் இளவரசராக இருந்து படையெடுத்து வந்தவர். 'ஜென்வூ எனக்குத் துணை நின்றார்' என்று சொல்ல இதைவிடப் பொருத்தம் கிடைக்குமா? 1412இல் மலை முழுவதும் திருப்பணி தொடங்கியது. 1416இல் உச்சிக்குப் புதிய பொற்கோயில் வந்தது. உபயதாரர்களின் கோயில் கீழே ஒரு சிறு குன்றுக்கு இறங்கியது. எனக்கென்னவோ, மலையின் வரலாறே இந்த இடமாற்றத்தில் அடங்கியிருப்பதாகப் படுகிறது.

புதிய கோயிலின் உயரம் சுமார் ஐந்தரை மீட்டர், அகலம் 4.4 மீட்டர். தூண், உத்தரம், ஓடு, கூரைமுனை உருவங்கள் எல்லாமே மரவேலையை அப்படியே நகலெடுத்த வெண்கலம். பெய்ஜிங்கில் தனித்தனியாக வார்த்து, படகில் ஏற்றி, மலைமேல் பொருத்தினார்கள். படகுகளோடு போன ஹே ஜூன் என்ற அதிகாரிக்குப் பேரரசர் அனுப்பிய ஆணை இருக்கிறது: வானம் தெளிந்து காற்றும் நீரும் சாதகமானால் மட்டும் புறப்படு, படகைச் சுத்தமாக வை.

அந்த வெண்கலத்தின் மேல் தங்கப்பூச்சு, பாதரச முறையில். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துக் களிம்பாக்கி, துடைத்த வெண்கலத்தில் தேய்த்து, நெருப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாகும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். பரப்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அந்த இடத்தில் பிடிக்காது. அந்த ஆவி நஞ்சு என்பதையும் மறக்கக் கூடாது.

பொற்கோயிலுக்குள் விளக்குச் சுடர் ஆடாது, மாய ரத்தினக்கல்தான் காக்கிறது என்பார்கள். பாகங்கள் இறுகப் பொருந்திய கூடு அது. வாசல் தவிரக் காற்று வெளியேற வழியில்லை, அதனால் உள்ளேயும் ஓடாது. இடி விழுந்தாலும் மின்சாரம் உலோகக் கூட்டின் வெளிப்புறமாகவே பாயும். புயல் இரவுகளில் கூரையைச் சுற்றித் தீப்பந்து உருளும் என்று பேசப்பட்ட காட்சி, இடிதாங்கி வைத்தபின் நின்றுபோனது.

சாமானியர்களின் பக்தி வேறு இடம் தேடியது. அதே மலையின் நான்யான் பாறைக் கோயிலில் பள்ளத்தாக்குக்கு மேலே சுமார் மூன்று மீட்டர் நீண்டிருக்கும் டிராகன் தலைக் கல்லின் நுனிக்குத் தவழ்ந்துபோய் ஊதுவத்தி ஏற்றினார்கள். நுனியில் வத்தி வைக்கலாம், திரும்ப இடமில்லை. பின்னோக்கியே தவழ வேண்டும். விழுந்து செத்தவர்கள் பலர். 1673இல் கல்வெட்டு வைத்துத் தடை செய்தார்கள். இன்று அதன் முன்னே கம்பிக்கதவு.

இறக்கப்பட்ட பழைய கோயிலோ ஒரு செங்கல் அறைக்குள் இருக்கிறது. சுவருக்கும் அதற்கும் நடுவே ஓராள் இடைவெளி. அதில் நுழைந்து சுற்றி வந்தால் தலைவிதி மாறும் என்று மக்கள் வரிசையில் நிற்கிறார்கள்.